க்வாக்யேவின் சாவு டிவிடிக்கு ஒரு பின்னணிப் படம்

எங்கள் குமாசி நகரத்தில் ஒரு மனிதன் செத்துப்போவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. புதைப்பதற்குக்கூட ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாவை டிவிடியில் போட்டு, அதன் முகப்பில் ஓர் அருவிப் படத்தை வைக்க வேண்டுமென்றால் மட்டும் இல்லத் தயாரிப்புக் குறுந்தகடு முறைப்படுத்தும் ஆணையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது என்பதால் நாங்கள் அதைத் தகடு ஆபீஸ் என்போம். உனக்கு அந்த ஆபீஸ்மேல் கோபமா என்று கேட்டால், கோபமெல்லாம் இல்லை. வயிறுதான் எரிகிறது.

நான் அடோமா. துக்கத் துணி தைக்கிறவள். சிவப்பும் கறுப்பும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. பக்கத்துக் கடை ந்யார்க்கோவுடையது. அவனுக்குச் சோறு போடுவதும் அதே சாவுகள்தான். நான் உடுத்தி அனுப்புகிறவர்களை அவன் படம் பிடிப்பான். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். அவன் அங்கே கம்ப்யூட்டரில் ஒப்பாரியை வெட்டி ஒட்டும்போது இங்கே என் தையல் மெஷின் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

கேமராவில் எடுத்ததை அப்படியே டிவிடிக்குள் தள்ளிவிட முடியாது. நறுக்கவேண்டியதை நறுக்கி, பிளேயருக்குப் புரிகிற மாதிரி மாற்ற வேண்டும். அவனுடைய கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் பூராவும் முனகிக்கொண்டே அதைச் செய்யும். அந்த நேரத்தில் அவன், டிவிடியைப் போட்டதும் முதலில் வருகிற மெனுவைச் செய்வான். பின்னணியில் ஓர் அருவி, இரண்டு அன்னப்பறவைகள், நடுவில் முட்டை வடிவத்தில் செத்தவரின் முகம். கீழே பொத்தான்கள்: கிடத்தியது, தேவாலயம், வந்தவர்கள், அடக்கம். எங்கள் பகுதியில் செத்துப்போன எல்லோரும் அந்த அருவி வழியாகத்தான் போயிருக்கிறார்கள். ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

க்வாக்யேவும் அப்படியே போயிருக்க வேண்டியவன். டெச்சிமான் சாலையில் ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வேன் ஓட்டியவன். மஞ்சள் காமாலை வந்து, முப்பது வயது முடிவதற்குள் போய்விட்டான். மாமே ஃபோசுவாவுக்கு ஒரே பிள்ளை.

எங்கள் அசாந்தி வழக்கப்படி பெற்றவள் பிள்ளையை அடக்கம் செய்யப் போகக்கூடாது. கிடத்தியிருக்கும் இடத்துக்கும் போகக்கூடாது, குழியையும் பார்க்கக்கூடாது. போனால் அடுத்த பிள்ளையும் போய்விடும் என்பார்கள். மாமேவுக்கு அடுத்த பிள்ளையே கிடையாது. வழக்கம் அதையெல்லாம் விசாரிப்பதில்லை. அன்றைக்கு அவளை அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினோம். டிரைவர் சங்கத்து வேன்கள் கண்ணாடிகளில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, வேன் ஸ்டேஷனிலிருந்து கல்லறை வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. அது மட்டும்தான் அவளுக்குக் கிடைத்தது. மகனின் சாவை அவள் காதால் மட்டும் கேட்டாள்.

"எத்தனை வண்டிடி?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எம் புள்ளைக்கு எத்தனை வண்டி வந்துச்சு?"

"தெரு கொள்ளல மாமே."

"நீ சொல்லாத. ந்யார்க்கோ டிவிடி குடுப்பான், நானே பாத்துக்கறேன்."

டிவியில் பார்க்கக்கூடாது என்று எங்கள் முன்னோர்கள் சொல்லி வைக்கவில்லை, அவர்கள் காலத்தில் டிவி இல்லை. ந்யார்க்கோவும் பெரிய மனது பண்ணி, "குழி மூடற இடத்த மட்டும் உங்க தகட்டுல எடுத்துடறேன் மாமே, அதத் தாய் பாக்க வேணாம்" என்றான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. மாமேவின் கண் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் உள்ளே அழுத்தம் ஏறிவிட்டதாம். டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: போன பார்வை திரும்பாது, இருப்பதும் ஹர்மட்டான் தூசிக் காற்று வரும்வரை தாங்கினால் பெரிது. அதற்குள் மகனின் கடைசி முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான்.

அந்த வாரம்தான் தகடு ஆபீஸ் வேன் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. சீருடை போட்ட இருவர் இறங்கி, ந்யார்க்கோவின் கம்ப்யூட்டரையும் கேமராவின் மெமரி கார்டையும் ஒரு மேஜைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"என்ன தப்பு பண்ணேன் பாஸ்?" என்று அவன் பின்னாலேயே ஓடினான்.

"நீ தப்பு பண்ணல. பண்ணிடக்கூடாதுன்னுதான் எடுத்துட்டுப் போறோம்."

விதி புதிதாக வந்திருந்தது. வீட்டு விசேஷம் எதுவானாலும், மூலப் பதிவு ஆணையத்தின் பாதுகாப்பில் இருக்கும். முதலில் மெனுவைத் தயாரித்துக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். மெனு பாஸ் ஆனால்தான் படத்தைத் தொடுவார்கள். ஒவ்வொரு டிவிடிக்கும் ஒரு 'சாதாரணப் பார்வையாளர்' கூடவே வரவேண்டும் என்பதும் விதி. ந்யார்க்கோ என்னை இழுத்துக்கொண்டு போனான். என் முகம் சாதாரணமாக இருக்கிறதாம்.

மெனுப் பிரிவு அதிகாரி மிஸ்டர் லாம்ப்டே கடற்கரைப் பக்கத்து ஆள். கழுத்து இறுக டை கட்டி, மேஜைமேல் ரிமோட்டுகளை அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தார். சிநேகிதன் கம்ப்யூட்டரில் ந்யார்க்கோ செய்துவந்த மெனுவைத் திரையில் போட்டார். அருவி கொட்டியது. அன்னங்கள் நீந்தின. க்வாக்யே நடுவில் இருந்தபடி எங்களைப் பார்த்தான்.

"செத்தவரு இந்த அருவிக்குப் போயிருக்காரா?" என்றார்.

"இல்லீங்க சார். அது சும்மா அழகுக்கு."

"போகாத எடத்துல ஏன் அவரோட முகத்த வெச்சீங்க? நாளைக்கு ஒருத்தன் இதப் பாத்துட்டு, இவரு அருவியில விழுந்து செத்தாருன்னு நெனச்சா?"

"காமாலையில செத்தாருன்னு ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியும். அருவிக்குத் தெரியுமா?"

ந்யார்க்கோ என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இந்தப் பறவைங்க யாரு? குடும்பமா?" என்று லாம்ப்டே ரிமோட்டால் அன்னங்களைக் காட்டினார்.

"பறவைங்க சார்."

"நம்ம நாட்டுப் பறவையா?"

"தெரியல சார். படத்தோடயே வந்துச்சு."

"பாத்தீங்களா? வெளிநாட்டுப் பறவை ரெண்டு, ஒரு அசாந்தி வீட்டுத் துக்கத்துல சந்தோஷமா நீந்திட்டிருக்கு. ஏன் நீந்துதுன்னு உங்களுக்கே தெரியல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, நான் இந்த நாற்காலியில உக்காந்து பல வருஷமா மெனு பாக்கறேன். இதுவரைக்கும் ஒரு படத்தக்கூடப் பாத்ததில்ல. கல்யாணம், ஞானஸ்நானம், சாவு, எதுவும். என் சொந்தத் தம்பி கல்யாணப் படத்தையே மெனுவோட நிறுத்திட்டேன். படத்தப் பாத்தா மனசு இளகிடும். மனசு இளகினா மெனுவ எப்படிப் பாக்கறது?"

"அருவிய எடுத்துடறேன் சார்," என்றான் ந்யார்க்கோ.

"நான் எடுக்கச் சொல்லலியே. நீங்களா எடுத்தா, ஏன் எடுத்தீங்கன்னு நான் கேக்க வேண்டி வரும்."

வெளியே வந்ததும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். "சிஸ்டர், இந்தாளு என்ன சொன்னான்?"

"எனக்கென்ன தெரியும்? நான் சாதாரணப் பார்வையாளர்," என்றேன்.

அருவியை எடுத்துவிட்டு வெறும் நீலப் பின்னணியோடு மறுபடி போனோம். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். லாம்ப்டே நீலத்தைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"செத்தவரு எந்தக் கட்சி?" என்று கிசுகிசுத்தார்.

"ட்ரோட்ரோ டிரைவர் சார்."

"நீலம் ஒரு கட்சியோட நிறம்."

"பச்சை?"

"அது இன்னொரு கட்சி. உங்களுக்குத் தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி இருக்கீங்களா?"

"அப்ப சிவப்பும் கறுப்பும் வெக்கலாமே சார்," என்று நான் வாய் விட்டேன். "சாவுக்கு நாங்க அதத்தானே கட்டறோம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மா, சிவப்பும் கறுப்பும் பாத்தா ஜனங்களுக்குத் துக்கம் வரும்."

"சாவு டிவிடி சார் இது."

"அதனாலதான் சொல்றேன். ஏற்கெனவே துக்கத்துல இருக்கறவங்கள நாம மேலும் துக்கப்படுத்தக் கூடாது. இந்த ஆணையத்தோட நோக்கமே மக்கள் நிம்மதி. நான் கையெழுத்துப் போடாம வெச்சிருக்கற ஒவ்வொரு டிவிடியும் ஒரு குடும்பத்தோட கண்ணீர மிச்சம் பிடிக்குது."

சாம்பல் நிறத்தில் செய்து கொண்டுபோனோம். டிவி ரிப்பேர் என்று மக்கள் நினைப்பார்கள் என்று திருப்பி அனுப்பினார்.

அந்த நாட்களில் மாமே ஃபோசுவா தினமும் என் கடைக்கு வந்து உட்காருவாள். முதலில் நூல்கண்டுகளைப் பார்த்து, "இந்தச் சிவப்பு போதாதுடி, அந்தச் சிவப்ப எடு" என்று அதிகாரம் பண்ணினாள். பிறகு நூலைக் கண்ணருகே பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒருநாள் கறுப்பை எடுத்து என் கையில் கொடுத்து, "இந்தச் சிவப்பு நல்லா இருக்கு" என்றாள். அதை வாங்கி மெஷினில் மாட்டிக்கொண்டேன். மத்தியானம் முழுக்கச் சிவப்புத் துணியைக் கறுப்பு நூலில் தைத்தேன்.

"டிவிடி வந்துச்சா?" என்று பலகைச் சுவரைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"மெனுவுல இருக்கு மாமே," என்று அந்தப் பக்கத்திலிருந்து ந்யார்க்கோ சொல்வான்.

"மெனுன்னா என்னடா? சாப்பாட்டுக் கடையா வெக்கறாங்க எம் புள்ளைக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருதரம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

விஷயம் லாம்ப்டேவின் மேஜையைத் தாண்டி மெனுக் குழுவுக்குப் போனது. மூன்று பேர் நீள மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் அப்போதுதான் வயிறு முட்ட ஃபுஃபு சாப்பிட்டு வந்தவர்கள் என்று முகமே சொன்னது. சாதாரணப் பார்வையாளராகிய நான் ரிமோட்டை அழுத்தி மெனுவில் நடக்க வேண்டும். ந்யார்க்கோ இந்த முறை வெள்ளைத் துணி ஒன்றைப் படமெடுத்துப் பின்னணியாக வைத்திருந்தான். அது நான் தைத்த துணி.

"'வந்தவர்கள்' பொத்தானுக்குக் கீழ 'அடக்கம்' பொத்தான் இருக்கு," என்றார் நடுவில் இருந்தவர். "வந்தவங்க மேல நிக்கறாங்க, செத்தவரு கீழ இருக்காரு. இது மரியாதையா?"

"அடக்கம்னா கீழதானே ஐயா போவாங்க," என்றேன்.

"பார்வையாளர் கருத்துச் சொல்லக்கூடாது, பார்க்க மட்டும் செய்யணும்," என்று ஓரத்தில் இருந்தவர் அதட்டினார்.

செத்தவர்மேல் ரிமோட்டின் அம்பு போய் நிற்கலாமா என்று அடுத்த விவாதம். ஒருவர் அது சவத்தை விரலால் குத்துவதற்குச் சமம் என்றார். இன்னொருவர், அம்பு நிற்கலாம், ஆனால் நின்ற இடம் மினுக்கக்கூடாது என்றார். நான் கட்டை விரல் வலிக்க மேலும் கீழும் அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போது கரண்ட் போனது.

எங்கள் ஊரில் கரண்ட் போவது பெரிய விஷயமில்லை. ஆனால் குழு அதைக் கவனிக்கவில்லை. ஜன்னல் திரையை முழுக்க இழுத்து மூடியிருந்ததால் அறை கும்மிருட்டு. டிவித் திரை கறுத்துக் கிடந்தது.

"ஆ," என்றது நடுவில் இருந்தவரின் குரல். "இது பரவால்ல. இதுல ஒரு கண்ணியம் இருக்கு."

"கட்சி நெறம் எதுவும் இல்ல," என்றது இன்னொரு குரல்.

"பறவை இல்ல."

"செத்தவரு எங்கயும் போகாம, அவரு பாட்டுக்கு இருக்காரு. எனக்கு ஆட்சேபம் இல்ல. உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல. தம்பி, மொதல்லயே இதக் கொண்டுவந்திருக்கலாமே!"

ந்யார்க்கோ என் கையை இறுக்கிப் பிடித்தான். பேசாதே என்று அர்த்தம். இருட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், போகிற வழியில் மாமேவுக்குச் சொல்லிவிடலாம் என்று நான்கூட நம்பிவிட்டேன். பேனா உறை கழன்ற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. வெள்ளைத் துணியும் பொத்தான்களும் க்வாக்யேவின் முகமும் பளிச்சென்று எழுந்தன.

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். "ஒப்புதல் வாங்கற சமயத்துல பின்னணிய மாத்தறீங்க. இது மோசடி," என்றார்.

ஹர்மட்டான் வந்துவிட்டது. உதடு வெடித்தது, மரங்களும் கூரைகளும் ஒரே பழுப்பாயின. மாமே என் கடைப்படியில் கால் வைக்கும்போது, "அடோமா, பேசு" என்பாள். நான் ஏதாவது பேசினால் அந்தத் திசையில் நடந்து வருவாள். முகம் தெரியவில்லையா என்று நான் கேட்கவில்லை. வெளிச்சம் தெரிகிறது, மற்றதெல்லாம் பாலில் போட்ட மாதிரி இருக்கிறது என்று அவளாகவே சொன்னாள்.

"இப்பவே போட்டாக்கூட டிவிகிட்ட மூக்க வெச்சுப் பாத்துடுவேன்," என்றாள். "அவன் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்கும். அது தெரிஞ்சா போதும்."

ந்யார்க்கோ அதற்கு மேல் பொறுக்கவில்லை. மாமேவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நேராக ஆணையர் அறைக்கே போய்விட்டோம். ஆணையர் டாக்டர் அமோவாகோ ப்ரெம்பா நல்ல மனிதர். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எழுந்து வந்து மாமேவை நாற்காலியில் உட்கார வைத்தார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கொழுகொழுவென்று, எப்போதும் சிரித்த முகம். அவரால் யாருக்கும் இல்லை என்று சொல்லவே முடியாது. அதற்குத்தான் லாம்ப்டேவை வைத்திருந்தார்.

"மாமே, உங்க மகன் எனக்கும் மகன்தான்," என்றார். "அதனாலதான் அவசரப்பட மாட்டேங்கறோம். அந்நியன் படமா இருந்தா எப்பவோ அனுப்பியிருப்போம்."

"ஐயா, அந்தப் படம் இங்கதானே இருக்கு? இந்தக் கட்டடத்துலயே?"

"பத்திரமா இருக்கு மாமே. குளுகுளு அறையில வெச்சிருக்கோம். எனக்குக்கூட அப்படி ஒரு அறை கெடையாது."

"ஒரே ஒரு தரம் போட்டுக் காமிங்க. எனக்கு மெனு வேணாம். தகடு வேணாம். பாத்துட்டு எந்திரிச்சுப் போயிடறேன்."

ஆணையர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "உங்களுக்குக் காமிச்சா நாளைக்கு எல்லாத் தாயும் வருவாங்களே."

"வரட்டுமே ஐயா."

"எல்லாரும் நேரா வந்து பாத்துட்டுப் போயிட்டா, அப்புறம் ஆணையம் எதுக்கு மாமே?" என்றார். உண்மையிலேயே அவருக்குப் பதில் தெரியவில்லை. கேள்வி கேட்டுவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு ஐயா."

"கேள்விப்பட்டேன். ரொம்ப வேதனை." அவர் கண் உண்மையாகவே கலங்கியது. "இந்த ஒரு காரணத்துக்காகவே நான் தனிப்பட்ட முறையில தலையிடறேன். லாம்ப்டே! பின்னணிதானே பிரச்சினை? ஆட்சேபமே வராத பின்னணி ஒண்ணுகூட நம்மகிட்ட இல்லையா?"

லாம்ப்டே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒண்ணு இருக்கு சார். எல்லா உபயோகத்துக்கும் போன வருஷமே அங்கீகாரம் ஆனது." அவர் பார்வை சுவரில் ஏறியது. எங்கள் பார்வையும் ஏறியது. தங்கச் சட்டத்துக்குள் ஆணையர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, வேணாம் வேணாம்," என்று ஆணையர் கை ஆட்டினார். "ஒரு டிரைவரோட சாவுல நான் போயி... பெருமைக்கு அலையறேன்னு சொல்வாங்க." கொஞ்ச நேரம் யோசித்தார். "நேரா எடுத்ததா, பக்கவாட்டுல திரும்பி எடுத்ததா?"

"நேரா எடுத்தது சார்."

"சரி. அந்தத் தாய்க்காக."

அறையில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். என்ன நடந்தது என்று தெரியாமல் மாமேவும் தட்டினாள்.

தகடு வர இன்னும் சில வாரம் ஆயிற்று. நெகிழித் தாள் சுற்றி, முத்திரை குத்தி, அழகாகத்தான் அனுப்பினார்கள். அதற்குள் பால் கலந்த வெளிச்சமும் போய், மாமேவுக்குப் பகலும் இரவும் மட்டும் தெரிந்தன. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "இது வெளிச்சம்தானே?" என்று உறுதி செய்துகொள்வாள்.

ந்யார்க்கோ நல்ல சட்டை போட்டுக்கொண்டு தகட்டை எடுத்துவந்தான். மத்தியான வேளை. மாமேவின் அறையில் அவள், நான், அவன், மூலையில் க்வாக்யே வாங்கிக்கொடுத்த பழைய பெட்டி டிவி. ஜன்னல்களைச் சாத்தினோம், படம் நன்றாகத் தெரிய வேண்டுமே என்ற பழக்கத்தில். டிவிக்கு எதிரே முழங்கால் இடிக்க அவளை உட்கார வைத்தோம்.

"பாக்க முடியாதுன்னு தெரியும்," என்றாள். "நீ சொல்லு, நான் கேக்கறேன். காதாலதானே அன்னிக்கும் பாத்தேன்."

தகடு சுழன்றது. முதலில் ஒரு புல்லாங்குழல். பிறகு திரை முழுக்க ஆணையர். அரை நிமிடம் சிரித்தார், புல்லாங்குழல் நின்றது, மறுபடி முதலிலிருந்து சிரித்தார். க்வாக்யே எங்கேயும் இல்லை. கீழே ஒரே ஒரு பொத்தான். ந்யார்க்கோ அதை அழுத்தினான். 'மெனு அங்கீகரிக்கப்பட்டது. படம் இரண்டாம் நிலைப் பரிசீலனையில் உள்ளது. பொறுமைக்கு நன்றி' என்று எழுத்து வந்தது. தானாக அழிந்து, மறுபடி ஆணையர் சிரித்தார். அவன் திரும்பத் திரும்ப அழுத்தினான். ரிமோட்டின் பின்பக்கத்தைக்கூடத் தட்டிப் பார்த்தான்.

"என்னடா சத்தமே காணோம்? யாரோ குழல் ஊதறான்?" என்றாள் மாமே. "எம் புள்ளைக்குக் குழல் பிடிக்காதே."

ந்யார்க்கோ என்னைப் பார்த்தான். அவன் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"படம் தொடங்கிடுச்சு மாமே," என்றான். "கிடத்தியிருக்காங்க. வெள்ளைச் சாட்டின் விரிச்ச கட்டில். அவன் மேல கெந்தேத் துணி போர்த்தியிருக்கு, பச்சையும் மஞ்சளும்."

"கால்ல?"

"செருப்பு. கறுப்புத் தோல்ல, பெரிய வார் வெச்சது."

"அது அவனோட மாமா வாங்கினது," என்றாள். "சொல்லு, சொல்லு."

அவன்தானே கேமரா பிடித்தவன். யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் மயங்கி விழுந்தார்கள், போதகர் எவ்வளவு நேரம் பேசி எல்லோரையும் நெளிய வைத்தார், ஒன்றையும் விடாமல் சொன்னான். ஆணையர் எங்கள் மூவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். மாமே நடுநடுவே, "அவ அழுதாளா? நெசமாவா அழுதா?" என்று கேட்டாள்.

"ஹாரன் எங்க?" என்றாள் திடீரென்று. "வண்டி கெளம்பியிருக்கணுமே."

நான் வெளியே ஓடினேன். சாலையோரம் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த டெச்சிமான் வேன் டிரைவரிடம், "க்வாக்யேவோட அம்மாவுக்கு, ஹாரன் அடிப்பா" என்றேன். ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கையை ஹாரன்மேல் வைத்து எடுக்காமல் அழுத்தினான். பின்னால் நின்ற வண்டி, அதற்கும் பின்னால் நின்றது, சந்து முனையில் திரும்பிக்கொண்டிருந்தது எல்லாம் சேர்ந்துகொண்டன. நான் திரும்பி வந்தபோது மாமே நிமிர்ந்து உட்கார்ந்து, உதடு அசைய வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அடிச்ச மாதிரியே அடிக்கறாங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மொகம் எப்படிடா இருக்கு? வலிச்ச மாதிரி இருக்கா?"

ந்யார்க்கோ திரையைப் பார்த்தான். "இல்ல மாமே. சிரிச்ச மொகமா இருக்கு."

"எங்க, காமி."

அவன் அவள் கையைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்தான். பழைய டிவி, சூடேறிப் போய்ச் சடசடத்தது. அவள் விரல்கள் ஆணையரின் நெற்றியில் தொடங்கி, கன்னத்தில் இறங்கி, வாயோரம் வந்து நின்றன. அங்கே அந்த முன்பல் இடைவெளியைத் தேடினாள் என்று நினைக்கிறேன்.

"சூடா இருக்கு," என்றாள். "அடோமா, எம் புள்ள கன்னம் இன்னும் சூடா இருக்குடி."

நான் மேல்துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டேன். அவள் தடவிக்கொண்டே இருந்தாள். ஆணையர் சிரித்து முடித்து, மறுபடி சிரித்தார்.

அப்போது கரண்ட் போனது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. சாத்தின அறை முழு இருட்டாயிற்று. வெளியே ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அந்த இருட்டு அவளுக்கும் தெரிந்தது. கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள்.

"குழிய மூடிட்டாங்களா?" என்றாள்.

ந்யார்க்கோ ரிமோட்டைக் கீழே வைத்தான். "மூடிட்டாங்க மாமே."

"அப்ப நான் பாக்கக்கூடாது," என்று சொல்லி, மாமே ஃபோசுவா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.